பொத்தான் அமத்தினால் பாடும் ராசா

அந்தப் பொம்மைக்கு மீசை ஒட்டிய அன்றைக்கே எனக்கு அதைக் கண்டால் அருவருப்பாகிவிட்டது. புத்தளத்தில் மூடிப்போன ஒரு சாறிக்கடையில் இருந்து நௌஃபர் அதை வேனில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பெண் பொம்மை. நீலக் கண், சிவத்த சொண்டு, வலது கையில் இரண்டு விரல் இல்லை. அதற்கு நான் ராசா உடுப்புத் தைக்க வேண்டுமாம்.

"நெஞ்சுப் பக்கம் தூக்கிக்கொண்டு நிக்கிதே" என்றேன்.

"கொஞ்சம் இறுக்கித் தைங்க ராத்தா. மேலால மாலையும் போட்டா வெளங்காது."

ச்சீ! மீசை வைத்த முகமும் சிவப்புப் பூசிய வாயுமாக அது என்னைப் பார்த்துச் சிரித்தது. இத்தனை வருடம் தையல் மெஷினோடு மாரடிக்கிறேன், இப்படி ஒரு உடம்புக்கு அளவுநாடா பிடித்ததில்லை.

நௌஃபர் என் தங்கச்சி அஸ்ரியாவின் மாப்பிள்ளை, அந்த முறையில் நான் அவருக்கு ராத்தா, அக்கா. கண்டக்குழியில் வெள்ளைக்காரர் தங்குகிற லொட்ஜ் நடத்துகிறார். அவர்கள் வருவது காற்றுக்கு. பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் வழுக்கி விளையாடுவார்கள். காற்று விழுந்துவிட்டால் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை, கதிரையில் மல்லாந்து கிடந்து வேர்ப்பார்கள். அந்த நாட்களில் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று கொழும்பு ஆள் ஒருவர் நௌஃபரின் காதில் ஊதிவிட்டார். இந்தக் கரையில் கத்தோலிக்க ஆட்கள் கோயில் பெருநாளுக்கு ஆடுகிற பாட்டு நாடகம் இருக்கிறதே, அதன் உடுப்பையும் சாமானையும் வைத்துக் காட்ட ஒரு நூதனசாலை கட்டுவோம் என்று. நௌஃபர் ஊதினால் பறக்கிற ஆள். லொட்ஜுக்குப் பின்னால், முந்தி கருவாடு அடுக்கிய வாடிக் கொட்டில் ஒன்று கிடந்தது, அதற்கு வெள்ளை அடித்தார். வெயில் ஏறினால் சுவரில் இருந்து கருவாட்டு நாற்றம் கிளம்பும். அதை அமத்த எலுமிச்சை வாசத் தண்ணீர் அடித்தார். கருவாடும் எலுமிச்சையும் சேர்ந்து அடிக்கிற நாற்றத்தை நீங்கள் மோந்திருக்க மாட்டீர்கள். மோந்துவிடவும் வேண்டாம்.

என்னை ஏன் இதற்குள் இழுத்தார் என்றால், நாடக உடுப்பு தைக்கிறவள் நான்தான். நாங்கள் தொண்ணூறில் மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு வந்து கரைத்தீவில் இறங்கிய குடும்பம். எனக்கு மாம்புரிச் சந்தியில் ஒரு தையல் கடை. ஒரு பெருநாளுக்கு அல்பிரட் அண்ணன் கிழிந்த ராசா உடுப்பைக் கொண்டுவந்து, "தங்கச்சி, இத ஒருக்கா பொருத்தித் தாறியா?" என்று கேட்டார். அன்று தொடங்கியது. பள்ளிவாசல் பக்கம் ஒன்றிரண்டு பேர் என்னைப் பற்றிக் கதைத்தார்கள்தான். கதைக்கட்டும். இந்த ஸக்கியா தைத்த துணியைத்தான் அவர்களும் உடுத்திக்கொண்டு கதைத்தார்கள்.

அல்பிரட் அண்ணன் மீன்பிடிக்கிறவர். நாடகத்தில் ராசா. கரையில் வேறு யாரும் ராசாவாக ஆடியதை நான் பார்க்கவில்லை, அந்தக் குரலுக்கு முன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். போன வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கொழும்பில் ஒப்பரேஷன். மாதக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை, சாப்பாடு வேண்டும் என்றாலும் கையால்தான் காட்டுவார். அப்போது கடற்கரைக் கோயில் அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தார். குரல் திரும்பினால், பெருநாளில் ராசாவின் மன்னிப்புப் பாட்டை ஒரு தடவை முழுதாகப் பாடித் தருகிறேன் என்று. குரல் திரும்பியது, பாதி. டொக்டர் நேராகச் சொல்லிவிட்டார்: இது கரைகிற சவர்க்காரத் துண்டு மாதிரி, பாவிக்கப் பாவிக்கக் குறையும், கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்ட நாளில் இருந்து அந்த மனுசன் வீட்டில் பெண்சாதியோடுகூடச் சத்தமாகக் கதைப்பதில்லை. பெருநாளுக்காகச் சேர்த்து வைத்தார்.

ஒத்திகையில்கூடப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார். நேர்த்திப் பாட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி அடியை முன்கூட்டி யாரும் பாடுவதில்லை. அது அம்மாளுக்கு உரியது, பெருநாள் அன்று கோயில் முன்னால்தான் வாயில் வரவேண்டும். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் நாடகம் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாண்டுவார். முதல்முதல் அளவெடுக்கப் போய் இருந்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. கொலர் வைக்காமல் சேர்ட்டை மடித்துக் கொடுத்த மாதிரி. பிறகு பழகிவிட்டது.

நூதனசாலையில் என்ன வைப்பது என்று கற்பனை பண்ண ஒரு கூட்டம் வைத்தார்கள். அந்தக் கருவாட்டு வாடிக்குள்தான். நௌஃபரின் காதில் ஊதிய அந்தக் கொழும்பு ஆள், அஸ்ஜத், எல்லோர் கையிலும் மஞ்சள், ரோஸ், பச்சை ஒட்டுத்தாள் கொடுத்தார். அவர் நூதனசாலைகளுக்கு யோசனை சொல்கிற ஆளாம். "கண்ண மூடுங்க. கற்பனை செய்யுங்க. என்ன தோணுதோ எழுதி சுவர்ல ஒட்டுங்க" என்றார். கண்ணை மூடினேன். நாற்றம் இன்னும் கூடியது.

நௌஃபருக்குக் கற்பனை பீறிட்டுக்கொண்டு வந்தது. முகம் வெட்டிய ராணிப் பலகை. அதற்குள் தலையை நுழைத்துப் படம் எடுக்கலாம். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தலையில் வைத்துப் பார்க்க ராசா முடி. மத்தளத்தில் ஒரு அடி அடித்தால் பற்றுகிற விளக்கு. வெளியே போகிற வாசலில் விற்பதற்குச் சின்னச் சின்ன முடி கோத்த சாவி வளையம். அஸ்ஜத் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டி, "அருமை, அருமை" என்றார். அவருக்குக் கழுத்து வலிக்கவில்லையா என்று நினைத்தேன்.

"ராத்தா, நீங்க ஒண்டும் ஒட்டலியே" என்றார் நௌஃபர்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "எழுதுங்க. அண்ணாவியார் வெத்திலை துப்புற பேணி. ராணி வேஷம் போடுற ஆம்பிளை நெஞ்சுக்குள்ள திணிக்கிற தேங்காத் தும்பு. ஆடி ஆடிக் கக்கத்தில மஞ்சளாப் போன சட்டை, அத ஒரு கம்பியில தொங்கப்போட்டு, கீழ 'மோந்து பாருங்க' எண்டு எழுதுங்க. போதுமா?"

வாயை மூடிக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். அஸ்ஜத் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "இதுதான்! இதுதான் உண்மை! யாருமே செய்யாத விசயம்!" என்று பச்சைத் தாளில் கிறுகிறுவென்று எழுதினார். அல்லாஹ்வே! அந்தத் துப்பல் பேணியை அடுத்த கிழமையே அண்ணாவியார் வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். என் கடையில் வாங்கிய சிவப்பு வெல்வெட்டை விரித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலால் ஒரு விளக்கும் போட்டார்கள். உள்ளே காய்ந்த எச்சில் இருந்தது. அதையும் கழுவவில்லை. உண்மையாக இருக்க வேண்டுமாம். தூ!

அல்பிரட் அண்ணன் மட்டும் ரோஸ் தாளைக் கையில் வைத்து மடித்துக்கொண்டு இருந்தார். அவரிடமும் கேட்டார்கள். மெல்லச் சொன்னார், "உடுப்பையும் பேணியையும் வைக்கலாம். நாடகம் எண்டுறது பாட்டுத்தானே முதலாளி. அத எப்பிடிப் பெட்டிக்குள்ள வைக்கிற?"

பாவி மனுசன், சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். நௌஃபரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "வைக்கலாம்! பதிஞ்சு வைப்பம்! மீசைப் பொம்மைக்குப் பக்கத்தில ஒரு பொத்தான். அமத்தினா ராசா பாடுவார்."

"அவருக்கு டொக்டர் என்ன சொன்னாரு எண்டு தெரியாதா உங்களுக்கு?" என்று நான் கத்தினேன்.

"ஒரே ஒரு தரம் ராத்தா. ஒருக்கா பாடினா தேஞ்சா போயிடும்?"

வெளியே வந்து அல்பிரட் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "மாட்டன் எண்டு சொல்லுங்க அண்ணன். அம்மாளுக்கு வச்சத இவருக்கு ஏன் குடுக்கணும்?"

அவர் மணலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார். "கொழும்புக்கு ஒவ்வொரு தரமும் அவர்ர வேன்லதானே போய் வந்தன் தங்கச்சி. டீசலுக்குக்கூட ஒண்டும் கேக்கல்ல. அந்த முகத்துக்கு மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுற?"

நன்மை செய்தவன் அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. அதுதான் இன்னும் மோசம். சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

ஒலிப்பதிவுக்குச் சிலாபத்தில் இருந்து ஒரு சிங்கள ஆள் வந்தார். நல்ல மரியாதையான மனுசன். தமிழ் ஒரு சொல் தெரியாது. வாடிக்குள் மெத்தைகளைத் தொங்கவிட்டு, நடுவில் அல்பிரட் அண்ணனை நிறுத்தி மைக்கை வைத்தார்கள். அது காற்றுக் காலம். இந்தக் கரையில் அப்போது காற்று கேட்டுக்கொண்டா வருகிறது? அவர் பாடப் பாடத் தென்னோலை சரசரக்கும், தகரம் தட்டும். ஒலிப்பதிவுக்காரர் காதில் மாட்டியதைக் கழற்றிக் கையை உயர்த்துவார். "ஆயெத் வரக்." இன்னொரு தரம். பாதியில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும். "ஆயெத் வரக்." எனக்குச் சிங்களம் நல்லாத் தெரியும், ஆனால் அந்த இரண்டு சொல்லை அன்றுதான் வெறுத்தேன். நான் மூலையில் இருந்து பொம்மைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தரமும் அந்தச் சவர்க்காரத் துண்டு தேய்வது என் காதில் விழுந்தது. நௌஃபர் உள்ளே வந்து முதல் இரண்டு அடியைக் கேட்டு, போனில் பிடித்து யாருக்கோ அனுப்பிவிட்டு, "சுப்பர் அல்பிரட் அண்ணன்!" என்று முதுகில் தட்டிவிட்டு ஓடினார். ஒரு தரமாவது இருந்து கேட்டாரா? இல்லை. அஸ்ஜத்தும் இல்லை. அவர் துப்பல் பேணிக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் காற்று ஒரு மூச்சு நின்ற நேரத்தில் ஒன்று சரிவந்தது. நல்லாத்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. என் ஊசி நின்றுவிட்டது. ஒலிப்பதிவுக்காரர் சிரித்துக்கொண்டு பெருவிரலைக் காட்டினார். அல்பிரட் அண்ணன் கதிரையில் உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன். "போதும் தங்கச்சி" என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

பெருநாளுக்குப் பத்து நாள்கூட இல்லை. அவருடைய பெண்சாதி கொத்தமல்லித் தண்ணி, இஞ்சி, தேன் என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் ராசா உடுப்புக்குக் கடைசிக் கரை வைக்கப் போன அன்று, வாசலில் நின்று என்னைத் திட்டினாள். "உங்கட சொந்தக்காரன்தானே! உங்களுக்கு வாயில்லையா?" அவள் சொன்னது சரி.

முந்தி விடியவிடிய ஆடுவார்களாம். இப்போது ஒலிபெருக்கி அனுமதி எல்லாம் பார்க்க வேண்டும், அதனால் பின்னேரப் பூசை முடிந்ததும் வெளிச்சம் இருக்கவே தொடங்கிவிடுவார்கள். கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் மேடை. மேடைக்கு எதிரே அன்னம்மாளின் சுரூபம் வைத்த கூடு. ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் நௌஃபரின் உதவி. ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சிலாபத்து ஆளும் அவரும் நின்றார்கள். லொட்ஜில் இருந்து வெள்ளைக்காரர் ஒரு கூட்டம் கதிரை போட்டு முன்னால் இருந்தது. நான் மேடையின் ஓரத்துத் தட்டிக்குப் பின்னால், வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ராசாவின் அங்கிக்கு மடிப்பு குத்திக்கொண்டிருந்தேன். அல்பிரட் அண்ணன் மடிப்பைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். சொல்லிச் செலவழிக்க அவரிடம் சத்தம் இல்லை.

மன்னிப்புப் பாட்டின் கதை இதுதான்: ராசா எல்லாவற்றையும் தோற்று, அம்மாளின் காலடியில் வந்து விழுகிறான். மத்தளம் இறங்கியது. அவர் நடந்து வந்து நின்று வாயைத் திறந்தார். தேங்காய் துருவுகிற சத்தம் வந்தது. முதல் அடி அப்படியே சிதறிப் போனது. திரும்பத் தொடங்கினார். இருமல். பின்னால் எவனோ ஒருவன் விசில் அடித்தான். அவனுடைய வாய் புழுத்துப்போக! அவருடைய பெண்சாதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது பெட்டிகளுக்குள் இருந்து பாட்டு வந்தது.

உரத்து, சுத்தமாக, தேன் மாதிரி, வாடிக்குள் பதிந்த அதே பாட்டு. அவர் குரல்தான். நௌஃபர் கையை ஆட்டி ஒலிப்பதிவுக்காரருக்கு இன்னும் கூட்டு, கூட்டு என்று காட்டுவது எனக்குத் தெரிந்தது. சனம் கைதட்டியது. வெள்ளைக்காரர் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மேடையில் அந்த மனுசன் ராசா உடுப்போடு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார், அவருடைய குரல் இரும்புப் பெட்டிக்குள் இருந்து பாடுகிறது. அந்த மீசைப் பொம்மையைப் பார்த்தபோது வந்த அருவருப்பு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மனுசனையே பொம்மையாக்கிவிட்டார்கள். அவர் சும்மா வாயை அசைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் அசைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி சொண்டை இறுக்கி மூடிக்கொண்டு, அம்மாளின் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வயரைப் பிடுங்கத்தான் நான் எழும்பினேன். வாயில் குண்டூசி, கத்தவும் முடியாது. தட்டியைச் சுற்றி, கயிற்றைத் தாண்டி, பெட்டிகளை நோக்கி நடக்கிறேன். பாட்டு என் காதை அறைகிறது.

கொடியும் படையும் போயின தாயே
குடையும் முடியும் சாய்ந்தன தாயே
அடியேன் கையில் மிஞ்சிய தொன்று

நின்றுவிட்டது.

நான் வயரைத் தொடக்கூட இல்லை. பெட்டிக்குள் இருந்து தென்னோலைச் சத்தம் கொஞ்சம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. நௌஃபர் ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்தார். ஒலிப்பதிவுக்காரர் வெறுங்கையை விரித்துக் காட்டினார். அவரைப் பொறுத்தவரை பாட்டு முடிந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் தலையில் உறைத்தது. கடைசி அடி! அவர் அதை வாடிக்குள் பாடவே இல்லை. நானும் அங்கேதான் இருந்தேன், கோபத்தில் அது நினைவுக்கே வரவில்லை. அதை முன்கூட்டி யாருக்கும் கொடுப்பதில்லை. வேன் ஓடித்தந்தவருக்கும் அவர் கொடுக்கவில்லை.

சனத்துக்கும் விளங்கிவிட்டது. கரையில் பிறந்த பிள்ளைகளுக்கே தெரிந்த வழக்கம் அது. ஒரு குழந்தை அழுதது, தாய் வாயைப் பொத்தினாள். அண்ணாவியார் மத்தளத்துக்கு மேலே கையைத் தூக்கியபடி வைத்திருந்தார். ஒத்திகையில் போடுகிற அந்தத் தட்டை அவர் போடவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

அல்பிரட் அண்ணன் மைக்கை அப்பால் தள்ளிவிட்டார். முழங்காலில் விழுந்தார். நான் குத்திய மடிப்பு இரண்டும் பிரிந்து போயின. மிஞ்சியிருந்த எல்லாவற்றையும் திரட்டி அந்த ஒரு அடியைப் பாடினார். நடுவில் இரண்டு இடத்தில் குரல் அறுந்தது, பிடித்துக்கொண்டு போய் முடித்தார். முன்வரிசைக்குக்கூட முழுதாகக் கேட்டிருக்காது. மேடைக்குக் கீழே நின்ற எனக்குக் கேட்டது. அந்த அடி என்னவென்று நான் இங்கே சொல்லமாட்டேன்.

யாரும் கைதட்டவில்லை. அண்ணாவியார் கையை இறக்கினார், மத்தளம் பேசியது.

நாடகம் முடிந்து நான் ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நௌஃபர் வேர்த்து ஒழுக ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா ராத்தா? நான் மட்டும் இல்லாட்டி அல்பிரட் அண்ணன்ட மானம் கப்பலேறியிரிக்கும். நல்ல நேரத்தில காப்பாத்தின."

அவர் அதை மனதாரச் சொன்னார். அல்லாஹ் மேல் ஆணையாக, மனதாரத்தான் சொன்னார். ஊசிகளை டப்பாவுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நூதனசாலை திறந்துவிட்டது. பேணி வெல்வெட்டில் இருக்கிறது. தும்பு ஒரு கூடையில் இருக்கிறது. மஞ்சள் கக்கத்துச் சட்டைக்குக் கீழே மூன்று பாஷையில் மோந்து பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறது, அவர்களும் வரிசையில் நின்று மோந்து பார்க்கிறார்கள். மீசைக்காரியின் பக்கத்தில் சிவப்புப் பொத்தான். அமத்தினால் ராசா பாடுகிறார். மிஞ்சியது ஒன்று என்ற இடத்தில் நின்றுவிடுகிறார். தமிழ் தெரியாதவர்களுக்கும் அது முடிவு இல்லை என்று காதில் தட்டுப்படுகிறது போல, திரும்ப அமத்துகிறார்கள். திரும்பவும் அதே இடம். ஒரு வெள்ளைக்காரி பொத்தானை நாலைந்து தரம் குத்திவிட்டு, மெஷின் உடைந்துவிட்டது என்று நௌஃபரிடம் போய் முறைப்பாடு சொன்னாளாம்.

நௌஃபர் என்னை அழைத்துக்கொண்டு அல்பிரட் அண்ணன் வீட்டுக்குப் போனார். தனியாகப் போக அவருக்கு வெட்கம். அல்பிரட் அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பெருநாளுக்குப் பிறகு அவர் பேசுவது மூச்சுச் சத்தம்தான், அதுவும் கிட்ட இருந்தால் மட்டும். டொக்டர் இனி வராது என்றுவிட்டார். அவர் அதைச் சொல்லி அழவில்லை.

"அண்ணன், ஒரே ஒரு அடிதானே" என்றார் நௌஃபர். "நீங்க பாட வேணாம். சொல்லை மட்டும் எனக்குச் சொல்லுங்க, வேற ஆளை வச்சுப் பதிஞ்சு ஒட்டிக்கிறம். ஆருக்கும் வெளங்காது."

அல்பிரட் அண்ணன் வலை ஊசியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. வந்த விருந்தாளியிடம் சோறு முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி, பாவமாகத்தான் சொன்னார். நௌஃபருக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் குனிந்து கேட்டு, சத்தமாகச் சொன்னேன்.

"அது குடுத்து முடிஞ்சுதாம் முதலாளி."

நௌஃபருக்கு அதுவும் விளங்கவில்லை. அடுத்த நாள் பொத்தானுக்கு மேலே ஒரு கடதாசி ஒட்டியிருந்தது: திருத்த வேலை நடைபெறுகிறது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயில் எச்சில் ஊறும். துப்புவதற்குப் பேணி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள்.